பெயின்ட் அடிக்காத படகு

முத்தியால்பேட்டையில் யாகூப் பாய் கடை எங்கே என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஆட்டோ டாப், வேன் சீட், கடைவாசலில் வெயிலுக்குக் கட்டும் தார்ப்பாய் எல்லாம் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். போர்டில் பாயின் பெயர் இருக்கிறது. தைப்பது அவர் மனைவி பரீதா. அளவெடுப்பதும், ஆணி அடிப்பதும், வந்தவர்களோடு டீ குடிப்பதும் பாயின் வேலை.

"அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?" என்பார் பரீதாக்கா.

நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது முதுகுப்பையின் ஜிப் பிய்ந்திருந்தது. அதைத் தைக்கத்தான் முதலில் போனேன். பை சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். பரீதாக்கா கேட்கவில்லை. உட்கார ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, "அந்தத் துணிய இழுத்துப் புடி" என்பார்.

அவர் நெல்லித்தோப்பில் பிறந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கத்தில் தார்ப்பாய்க்கு மாறினார். தைத்து முடித்ததை உடனே கொடுத்துவிட மாட்டார். உள்பக்கம் புரட்டிப் போட்டு, தையல் ஓடிய வழியெல்லாம் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டே போவார். எங்காவது நூல் தளர்ந்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

பிலிப் என்ற வயதான பிரெஞ்சுக்காரர் ஒருமுறை கிழிந்துபோன படகுப்பாயைக் கொண்டுவந்தார். பரீதாக்கா அதற்குமுன் படகுப்பாயைப் பார்த்ததில்லை. தெருவில் விரித்துப் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். மூலைகளில் மட்டும் தையல் விட்டிருந்ததைப் பார்த்து, அங்கே துணியை இரண்டு மடிப்பு கூடுதலாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பிலிப் வேறு யாரிடமும் போகவில்லை. பிரான்சிலிருக்கும் மகளோடு இருக்கப் புறப்பட்டபோது, படகையே கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் இறக்கிவிட்டு, "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்கைந்து பேர் உட்காரக்கூடிய ஃபைபர் படகு. இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதில் முட்டையிட்டது.

மகள் மஹீராவுக்கு நிக்காஹ் நாள் குறித்த பிறகுதான் படகு எல்லோர் கண்ணிலும் பட்டது. விருந்துச் சமையலுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. சமையல்காரர் வந்து பார்த்துவிட்டு, "பிரியாணி தேக்சாவ எங்க எறக்கறது, படகுக்குள்ளயா?" என்று கேட்டார்.

படகை விற்றாக வேண்டும். விற்பதற்குமுன் எவ்வளவு சரிசெய்வது என்பதில்தான் தகராறு. எதுவும் செய்ய வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளு என்றாள் மஹீரா. பார்க்க லட்சணமாக இருந்தால்தான் போகும் என்றார் பாய். தகராறு தீருமுன்பே பரீதாக்கா கல்யாணப் பத்திரிகை வைக்கக் கடலூர் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது படகுக்குள் சீட் போட்டிருந்தது. பாயே மிஷினில் உட்கார்ந்து தைத்தது. சிவப்பு ரெக்சின், ஓரமெல்லாம் வெள்ளைப் பைப்பிங், உள்ளே தடிமனான ஸ்பான்ஜ். தரையிலும் ரெக்சின் ஒட்டியிருந்தது. சுற்றுலா வேன் ஒன்றை நீளவாக்கில் அறுத்து வைத்த மாதிரி இருந்தது.

பரீதாக்கா குனிந்து பார்த்தார். "பைப்பிங் கோணலா போவுது" என்றார். அவர் தையலைத்தான் பார்த்தார். படகைப் பார்க்கவில்லை.

பெங்களூருவிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். ஆங்கிலம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் சீட்டில் உட்கார்ந்து எழுந்து சிரித்தார். ஒரே நாளில் இந்த ஸ்பான்ஜ் கடலைக் குடித்துவிடும் என்றார். பிறகு பாய்மரம் ஊன்றும் இடத்தில் மண்டிபோட்டு ரெக்சினின் ஓரத்தை இழுத்தார். பசை விட்டுக்கொண்டு வந்தது. அடியில் ஃபைபரில் ஒரு விரிசல், மரம் நிற்கும் குழியைச் சுற்றி ஓடியிருந்தது.

இதை மறைக்கத்தான் இவ்வளவும் செய்தீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் விரல் காட்டிய இடமும் அவர் முகமும் பரீதாக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். அதுவும் அக்காவுக்குப் புரியாமல் இல்லை.

"விரிசல் இருந்துச்சா முன்னாடியே?" என்று பாயைக் கேட்டார் பரீதாக்கா.

"இருந்துச்சு. பாத்தேன்."

"பாத்துட்டா மூடுனீங்க?"

"வேன்ல தரை ஓட்டையா இருந்தா மேட் போட்டுத்தானே மூடறோம்? எவன் கேட்டான் இதுவரைக்கும்?"

"வேன் ஓட்டைக்குக் கீழ ரோடு இருக்கு. இதுக்குக் கீழ என்னாங்க இருக்கு?"

அன்று மதியமே பரீதாக்கா பிளேடை எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறி எல்லா சீட்டையும் அறுத்து வெளியே எறிந்தார்.

பிள்ளைச்சாவடியிலிருந்து காசிலிங்கம் வந்தார். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். குழி அருகே சத்தம் மந்தமாக வந்தது.

"அக்கா, மேல ரெசின் ஊத்தி ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடிச்சுட்டா ரெண்டே நாள். புதுசு மாதிரி ஆயிடும். அறுத்துப் பாக்கணும்னா உள்ள என்னா வரும்னு சொல்ல முடியாது. அறுத்துட்டா நடுவுல வுட முடியாது, பாத்துக்க."

"ஒட்டுப் போடு காசி" என்றார் பாய். "அறுத்துப் போட்டுட்டு, கல்யாணத்துக்குப் படகுலயா பிரியாணி கிண்டறது?"

பரீதாக்கா என் பக்கம் திரும்பினார். "நீ ஊர் சுத்தறப்ப இந்த மாதிரி படகுல போயிருக்க இல்ல. காத்து பலமா அடிச்சா மரம் என்னா பண்ணும்?"

"மேலே படகுப்பாய் இழுக்க இழுக்க, கீழே குழியில போட்டுக் குத்தும்" என்றேன்.

"தாங்கலன்னா?"

"ஒடிஞ்சு விழும். உள்ள இருக்கறவங்க மேல."

அவர் விரிசலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். பிறகு, "அறுங்க அண்ணே" என்றார்.

ஃபைபருக்கு அடியில் பாய்மரத்தைத் தாங்கும் மரக்கட்டை இருந்தது. காசிலிங்கம் விரலை விட்டதும் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அவர் அதைத் துணியில் துடைத்துவிட்டு, "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். பாய் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

புதுக் கட்டை வைத்து ரெசின் ஊற்றி மூடிக் காய வைத்தார்கள். நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் தினமும் போன் செய்தார். காய்ந்ததும் காசிலிங்கம் நீலப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பரீதாக்கா மூடியை வாங்கி மறுபடி அழுத்தி மூடினார்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "மஹீராவப் பாக்க வந்தப்ப பழைய புடவையா கட்டி உக்கார வெச்ச?"

"அவ கடலுக்கா போறா? கடல்ல ஆள அடிக்கறது எதுவோ அத சரி பண்ணியாச்சு. மிச்சம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். வாங்கறவங்களுக்குக் கண்ணு இருக்கு."

"வாங்கறவங்க இல்லியே!"

அது உண்மைதான். நிறம் போன படகு, நடுவில் பழுப்பாக ஒரு பெரிய ஒட்டு. இரண்டு பேர் வந்து வாசலிலேயே பார்த்துவிட்டுப் போனார்கள். பாய் தார்ப்பாய்க்குக் கயிறு கோக்கும் கண்ணி அடித்துக்கொண்டிருந்தார். பரீதாக்கா படகுப்பாயை எடுத்து மூலைகளை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிரிக்க ஒன்றும் இல்லை என்றதும் மடித்து வைத்தார். அம்மா இரவு தூங்கவில்லை என்று மஹீரா என்னிடம் சொன்னாள்.

காசிலிங்கம் சொல்லித்தான் சங்கவி வந்தாள். கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படகில் ஏறி ஒட்டின் மேல் நின்று குதித்தாள்.

"இது என்னாக்கா?"

பரீதாக்கா கட்டை உளுத்துப்போயிருந்ததைச் சொன்னார். ரெக்சினைச் சொன்னார். பெங்களூருக்காரரையும் சொன்னார். பிறகு, "பின்பக்கம் நாங்க அறுத்துப் பாக்கல. அங்க எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பாய் உள்ளேயிருந்து, "யா அல்லா, அதையும் சொல்லணுமா!" என்றார்.

சங்கவி சிரித்தாள். "புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஓட்டிப் பாக்கணும்க்கா. காத்து நல்லா இருக்கற நாளா பாத்து. அப்புறம்தான் எடுத்துக்கறதா இல்லியான்னு சொல்லுவேன். வேணாம்னா திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

"விருந்தன்னிக்குக் கொண்டாந்து நிறுத்திடாதம்மா" என்றார் பாய், வாசலுக்கு வந்து.

"ஓட்டிப் பாரு. ஆனா மொதல்ல நீ மட்டும் போ. சட்டை போட்டுக்க, அந்த மெதக்கற சட்டை" என்றார் பரீதாக்கா.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தவர்கள் கைகொடுத்துப் படகைச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டுபோய் மினி லாரியில் ஏற்றினார்கள். காலிமனையில் படகு கிடந்த வடிவத்திலேயே புல் வெளுத்துப்போயிருந்தது. மறுநாள் சமையல்காரர் அதன்மேல் அடுப்புக்குச் செங்கல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தபோது, போன் வந்தது. மருதாணி வைத்த கையை விரித்தபடி மஹீரா, "அம்மா, அந்தப் படகுக்காரி" என்று கத்தினாள். பாய் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, இன்னிக்கு நல்ல காத்து. பின்னாடி கொஞ்சம் தண்ணி எறங்குது. அத நான் ஒட்டிக்கறேன். ஆனா சொன்ன வெலையில கொறைக்கணும்."

பாய் வாயைத் திறந்தார். பரீதாக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொறச்சுக்க. மரம்?"

"அசையலக்கா."

"மூலை?"

"எந்த மூலை?"

"பாயில."

"ஓ! ஒரு நூல் கூட விடல."

"சரி, நாளைக்கு சாப்பிட வந்துடு" என்று சொல்லிவிட்டுப் பரீதாக்கா வெங்காயம் உரிக்கிறவர்களிடம் போனார்.