புகையாத கங்கு

“கங்கு செத்துப்போச்சுன்னு ஒனக்கு எவன் சொன்னான், மதினி? அது தூங்குது. சட்டிய அங்கனயே வையி.”

கையில் கங்குச் சட்டியோடு நின்ற என்னைப் பார்த்துத்தான் மொக்கையன் இப்படிச் சீறினான். என் புருசன் சந்தனத்துக்குச் சித்தப்பன் மகன். வட்டவடையில் எங்களுக்கு அடுத்த வீடு. எழுபத்திமூணில், பொங்கல் கழிந்து அவன் வாசலில் கிடாய் சுட்டு முடித்த சாயங்காலம் அது. பனி இறங்கிவிட்டது. பிரசவத்துக்கு வந்த என் மகள் அழகுத்தாய் பச்சைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்குள் வெடவெடத்துக் கிடந்தாள். செத்த நெருப்பைக் கொடுக்க இவனுக்கு என்ன வலிக்கிறது என்று வாய்க்கு வந்தபடி வைதேன். அவன் சட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

ஊரில் யார் வாசலில் கறி சுட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். கூப்பிட்டுவிட்டு நொந்தும் போவோம். எங்கள் வீடெல்லாம் புல் வேய்ந்தது. கூரையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் குழி வெட்டுவான். காற்று திரும்பினால் கறி பாதி வெந்திருந்தாலும் நெருப்பை மூடிவிடுவான். மண்ணெண்ணெய் கொண்டு வந்தவனை விரட்டியிருக்கிறான். முந்தானை தொங்கினால் சம்பந்தியம்மா என்றும் பார்க்காமல் திட்டுவான். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்ற விடமாட்டான், மண்ணைத்தான் அள்ளிப்போடுவான். பெண்டாட்டிக்குப் பயப்படாதவன் நெருப்புக்குப் பயப்படுகிறான் என்று நாங்கள் சிரிப்போம்.

அன்று நான் பாத்திரம் கழுவப் போனதும், என் புருசன் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். ஓடையிலிருந்து நான் திரும்பும்போது மொக்கையன் குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தான். சட்டியைக் காணோம். என் முகத்தைப் பார்த்தான், எங்கள் கதவைப் பார்த்தான், ஓடினான்.

கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே புகையும் இல்லை, தீயும் இல்லை. கங்கு மட்டும் மினுக்கென்று சிவந்து கிடந்தது. ஆற்றில் முங்குகிறவன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். முதலில் பச்சைப்பிள்ளை என் கைக்கு வந்தது. அப்புறம் மகளையும் என் புருசனையும் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வந்தான். நனைந்த துணி மாதிரி துவண்டு கிடந்தார்கள். பனிக்காற்று பட்டதும் பிள்ளை வீறிட்டது. மகள் வாந்தியெடுத்து எழுந்தாள். அவர் கண் திறக்கத்தான் நேரமானது. திறந்த மனுசன் அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்து, என் உயிரை வாங்கிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள் புகுந்து ஒருத்தன் மூன்று உயிரை அள்ளி வந்ததைப் பார்த்தவள் நான். சாமியைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை அதன்பிறகு நான் கேலி செய்ததில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று மொக்கையனைக் கேட்டேன்.

“ஒருக்கா குளுருதேன்னு ஆட்டுக்குட்டிக பக்கத்துல கங்க வச்சு, கொட்டில அடைச்சுட்டேன். விடியல்ல அம்புட்டும் செத்துக் கெடந்துச்சு. ஒரு மயிரு பொசுங்கல, மதினி.”

மறுவாரம் ஜீப்பேறி மூணாறு போய் அழகுத்தாய்க்கு ஒரு கம்பளி வாங்கி வந்தான். இனிமேல் கங்கு கேட்டுத் தன் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லி என் மடியில் எறிந்தான். விலை பதினெட்டு ரூபாய்.