ஆகாதவை

லிஃப்ட்காரருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘ஒண்ணும் ஆகாது’தான். பதினாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவழியில் நின்றுபோன ஒவ்வொரு லிஃப்டுக்குப் பின்னாலும், “இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கலாம், ஒண்ணும் ஆகாது” என்று சொன்ன புண்ணியவான் ஒருவர் இருந்தே தீருவார் என்பது அவர் கண்டது.

அவருடைய மகளுக்கு நாலு வயது. பால் ஆகாது, முட்டை ஆகாது, வேர்க்கடலை ஆகாது. போன வருடம் லிஃப்ட்காரரின் அக்கா, “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று கேக் ஊட்டிவிட, பத்தே நிமிடத்தில் குழந்தைக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் ஆகாது.

இது போதாதென்று எட்டு மாதமாகப் புதுத் தொல்லை ஒன்று. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் குழந்தையின் வலது கன்னம் சிவந்து தடிக்கும். தூங்கப் போவதற்குள் மறைந்துவிடும். காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் கன்னம் பளிங்கு மாதிரி இருக்கும். மெக்கானிக்கைக் கண்டதும் ஒழுங்காக ஓடுகிற லிஃப்டுகளை அவர் எத்தனையோ பார்த்தவர்தான். சோப்பை மாற்றினார், தலையணையை மாற்றினார், ஜன்னல் திரையைக் கழற்றி எறிந்தார். கன்னம் மசியவில்லை.

திங்கட்கிழமை மனைவி வேலையில் சேர்ந்தாக வேண்டும். நாலு வருட விடுப்பை நீட்டி நீட்டி, இனி நீட்டினால் வேலையே அறுந்துவிடும் என்ற நிலை. அதற்குள் குழந்தையை நம்பி விட ஒரு மழலையர் பள்ளி வேண்டும். லிஃப்ட்காரர் வியாழக்கிழமை லீவு போட்டார். ஒரு கையில் மகள், மறு கையில், மூச்சு இழுத்தால் உடனே போட வேண்டிய அவசர ஊசி வைத்த பை.

முதல் பள்ளியில் சுவரெல்லாம் யானை. நிர்வாகி அம்மாள் சிரித்த முகம்.

“கவலையே படாதீங்க சார். இங்க எல்லாக் குழந்தையையும் ஒரே மாதிரிதான் பாத்துக்குவோம்.”

“அதுதாங்க என் கவலை.”

“அட, ஒண்ணும் ஆகாது சார்!”

லிஃப்ட்காரர் எழுந்துகொண்டார்.

இரண்டாவது பள்ளியில் ஏசி, சோபா, வந்தவுடன் டீ. அங்கிருந்த பிரின்சிபாலிடம் கேட்டார்: “தப்பித் தவறி ஒரு வாய் பால் குடிச்சுட்டா என்ன செய்வீங்க?”

“உடனே உங்களுக்கு ஃபோன் பண்ணுவோம்.”

“நான் லிஃப்ட் குழிக்குள்ள இருப்பேன். சிக்னல் இருக்காது.”

“பரவாயில்ல சார். கிடைக்கிற வரைக்கும் பண்ணுவோம்.”

பள்ளி தேறாது. ஆனால் கொடுத்த டீயை மிச்சம் வைப்பது அவர் வழக்கமில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அலுத்துப்போய்ச் சிணுங்கிய மகளை இடுப்பில் தூக்கி வைத்துக் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தார்.

“மீசை கடிக்குதுப்பா” என்றாள் மகள், வழக்கம்போல. லிஃப்ட்காரரும் வழக்கம்போலப் பூரித்துப்போனார். சீனியர் மெக்கானிக் ஆன கையோடு வைத்த மீசை அது. வாடிக்கையாளர்கள் மதிக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மூன்றாவது பள்ளி மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய இரண்டு அறை. யானையும் இல்லை, சோபாவும் இல்லை. சமையல்கார அம்மா வாசலிலேயே மறித்தார்.

“நில்லுங்க. குழந்தை கன்னத்துல என்ன?”

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். வலது கன்னம் சிவந்து தடித்திருந்தது. மணி பதினொன்று. “இது சாயங்காலந்தானே வரும்!”

“என்னென்ன ஆகாது?”

“பால், முட்டை, வேர்க்கடலை. ஆனா அவ ஒண்ணுமே சாப்பிடல. நான் கூடவேதான் இருக்கேன்.”

“நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“நானா? ஒரு டீ.”

“பால் டீயா?”

லிஃப்ட்காரர் தலையாட்டினார்.

“வாய்க்குள்ள போயிருந்தா இதோட நிக்காது. ஒரு கன்னத்துல மட்டும்னா வெளியிலிருந்து பட்டதுதான். மீசையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க. அவ கன்னத்தை நான் கழுவுறேன்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழுது பார்க்கப் போன இடத்தில் தன்னையே பழுது என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் தொழில் தெரிந்த மனிதர். பழுது எங்கே என்று தேடுவதற்கு முன்னால் கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று கேள் என்பது அவரே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். தினமும் ஆறரை மணிக்கு வேலையிடத்தில் டீ. ஏழு மணிக்கு வீடு. வலது கையில் கருவிப் பை, இடது இடுப்பில் மகள். எட்டுவது வலது கன்னம். மீசைக்கு வயது எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் குழந்தை, கடிக்குது கடிக்குது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் ஆசைதான். இவர் மீசையில் மண் இல்லை, பால் இருந்தது. குழந்தைகள் உயரத்துக்குக் கட்டிய குழாயடியில் மடிந்து குனிந்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். அழுகை வந்தது, அழுதார்.

உள்ளே சமையல்கார அம்மா ஊசியை வாங்கி, மேல் எழுத்தைப் படித்து, எங்கே எப்படிக் குத்துவது என்று தன் தொடையில் கை வைத்துக் காட்டினார்.

“நானும் போடுவேன், டீச்சரும் போடுவாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு அப்புறந்தான் உங்களுக்கு ஃபோன்.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லலையே?”

“ஏதாவது ஆயிடும்னு பயந்துதாங்க தினம் அடுப்பையே பத்தவைக்கிறேன்.”

மனைவிக்கு ஃபோனில் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க? எதையாவது ஒண்ணை விடுங்க” என்றாள். பிறகு, “உங்க அக்கா ஒரு தடவைதான் ஊட்டினாங்க” என்றாள்.

சேர்க்கைப் படிவத்தில் ‘குழந்தைக்கு ஆகாதவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. பால், முட்டை, வேர்க்கடலை என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து, ‘டீ குடித்த அப்பா’ என்று சேர்த்தார்.

வெளியே வந்து, ஒரு வருடமாகத் தொடாத எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

“என்னடா, குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் ஆகலக்கா” என்றார் லிஃப்ட்காரர்.