கூரையிலிருந்து இறங்கிய நீளக் கை

இது 2003-ல் திண்டுக்கல்லில் ஆரம்பித்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். சந்தேகம் என்பது எனக்குக் கூடவே பிறந்த குணம். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கில் ஒரே தப்பைச் செய்திருந்தால், பரீட்சை ஹாலில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்ட நானே வசமாக மாட்டிக்கொண்ட கதை இது.

அந்த வருடம் ஆரம்பத்திலிருந்தே எனக்கு விடாத தலைவலி. மாத்திரைக்கும் அடங்கவில்லை, தைலத்துக்கும் அடங்கவில்லை. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஹிப்னாடிசம் செய்கிறவர் இருக்கிறார், தன் தங்கைக்கே குணமானது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்ற நிலைமையில் இருந்தேன். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்.

அங்கே சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஐந்து வயசுக்குப் போங்கள் என்பார். முதல் இரண்டு தடவையும் எனக்குத் தூக்கம்தான் வந்தது. மூன்றாவது தடவை அவர் கேள்விகளை மாற்றினார். "வெள்ளையா யாராவது தெரியுறாங்களா? அவங்க வாய் மூடியிருக்கா? கை சாதாரணமா இருக்கா, இல்ல ரொம்ப நீளமா இருக்கா?"

நம்பினால் நம்புங்கள், நான் பார்த்தேன். தலையோடு கால் வெள்ளை படிந்த உருவங்கள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. காது அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். கூரையிலிருந்து எலும்பில்லாத ஒரு நீளக் கை இறங்கி என்னை நோக்கி வந்தது. எழுந்தபோது என் புடவை வியர்வையில் நனைந்திருந்தது.

அவர் அதிரவே இல்லை. வேற்றுக்கிரகத்தார் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிப்போய்ச் சோதனை செய்துவிட்டு, ஞாபகத்தை அழித்துத் திருப்பி விட்டுவிடுவார்களாம். உடம்பில் எங்காவது தழும்பு இருக்கிறதா என்று கேட்டார். தழும்பு இல்லாத ஆள் யார் இருக்கிறார்? இருந்தாலும் நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். என் இடது முழங்கைக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு உண்டு.

போதாக்குறைக்கு அந்த வாரமே தலைவலியும் நின்றுவிட்டது. அதே வாரம்தான் கண் டாக்டர் எழுதித் தந்த கண்ணாடியையும் போட ஆரம்பித்தேன். அதைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு டீச்சராம்!

வேற்றுக்கிரகக் கதையை நான் முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆளையும் நம்பவில்லை. ஆனால் கண்ணால் கண்டது போல இருந்ததை என்ன செய்வது? ஏதோ நடந்திருக்கிறது, அதை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறைக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே தவறிவிட்டார். மிச்சம் இருந்தது அம்மா.

அம்மா வேடசந்தூரில் தனியாக இருந்தாள். இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் தாங்காமல் வேலையை விட்டிருந்தாள். அவளைத் திண்டுக்கல்லுக்கு எங்களோடு கூட்டி வருவதாக ஏற்பாடு. அவளுக்கென்று ஒரு ரூமைக்கூட ஒழித்து வைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தழும்பைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ஊஞ்சக் கொக்கி கிழிச்சதுடி. எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"வேற ஒண்ணும் நடக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தக் காலத்துப் பேச்சு இப்ப எதுக்கு? அம்புட்டுத்தான், விடு."

அப்படி முகத்தைத் திருப்பியதுதான் எனக்குச் சாட்சியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிட் அடித்த பிள்ளையும் இப்படித்தான் முகத்தைத் திருப்பும். உண்மை தெரியாமல் இவளை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்போது அது எனக்கு ரொம்ப நியாயமாகத் தெரிந்தது.

"அத்தை வர்றாங்களா இல்லையா? அந்த ரூமுக்கு ஃபேன் மாட்டவா, வேண்டாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். காரணத்தைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது, வேறென்ன. இப்படியே ஏழு மாதம் ஓடியது. மாதத்துக்கு ஒரு தடவை போவேன், தழும்பைப் பற்றிக் கேட்பேன், அவள் ஊஞ்சல் என்பாள், நான் கோபத்தோடு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இடையில் ஒரு தடவை காய்ச்சல் கண்டு, அவளே தட்டுத் தடுமாறிப் போய் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் மில்லுக்குள் தொழிலாளிகளின் குடும்பத்தையெல்லாம் விடுவார்கள். வேலையை விட்டவர்களும் போகலாம். முழங்கால் வலிக்கிறது, கூட வா என்று அம்மா கூப்பிட்டாள். நான் அதுவரை மில்லுக்குள் போனதே இல்லை. போனதாக எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்வதுதான் சரி.

மெஷினுக்கெல்லாம் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாம்பிராணி காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும், குடும்பத்துக்காரர்கள் பார்க்கட்டும் என்று செத்த நேரம் மெஷினை ஓட விடுவது அங்கே வழக்கம். சுவிட்சைப் போட்டார்கள். அந்த ரீங்காரம் எழுந்தது. வாயைத் துணியால் கட்டிய நான்கைந்து பெண்கள் மெஷின்களுக்கு நடுவே போனார்கள். அவர்கள் தலையில் பஞ்சு வெள்ளையாகப் படிந்தது. அப்போது கூரைக்குக் கீழே கம்பியில் ஒரு ஃபேன் தானாக நகர்ந்து வந்தது. பறக்கும் பஞ்சை உறிஞ்சுகிற மெஷின் அது. அதிலிருந்து இரண்டு நீளத் துணிக்குழாய்கள் தரைவரைக்கும் தொங்கிக்கொண்டு, ஆடி ஆடி என்னை நோக்கி வந்தன.

அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன். அங்கே இடுப்பளவு உயரத்தில், பஞ்சுத்திரி நிரப்புகிற காலி கேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே நொடியில் பொருந்திவிட்டது.

"என்னை வீட்டுல விட ஆளில்லாம இங்க தூக்கிட்டு வந்தேல்ல? இந்தக் கேனுக்குள்ளதான ஒளிச்சு வச்ச? இந்த விளிம்புதான கையைக் கிழிச்சது? வேலை போயிரும்னுதான ஊஞ்சல்னு சொன்ன?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். "ஆமாத்தா. நீ சொல்றதுதான்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு இத்தனை நாள் மறைத்தாய் என்று திட்டவும் செய்தேன். அந்த வாரமே டிரங்குப் பெட்டியோடு அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தோம். தாடிக்கொம்பு தாண்டும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பஸ்ஸில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. யாருக்கும் பிடிபடாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேனே!

அந்தக் கர்வத்தோடு ஹிப்னாடிசம் செய்த அந்த மாடிக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மில்லுன்னு உங்களை நினைக்க வைக்கிறதே அவங்கதான் டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். எப்படிக் கேட்டாலும் அவருக்குச் சாதகமான பதில் வருகிற மாதிரி அந்த மனுஷன் வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்துவிட்டு, என் கண்டுபிடிப்பைப் பெருமையாக எடுத்துவிட்டேன். ஐந்து வயசில் அந்த ஃபேனைப் பார்த்துப் பயந்த கதையைக் கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஃபேனா? அது நான் மாட்டுனதாச்சேம்மா. நீ காலேஜ்ல சேந்துட்டன்னு உங்கம்மா மில்லு பூராம் மிட்டாய் குடுத்துச்சு பாரு, அன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டு இருந்தோம். அதுக்கு முந்தி எல்லாம் பிரஷ் வச்சுக் கையால கூட்டுறதுதான்."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவர் கிளம்பிய பிறகு உள்ளே போனேன். அம்மா வெஞ்சனத்துக்கு அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே அவளே பேசினாள்.

"கேனு, விளிம்பு, ஒளிச்சு வச்சது... அம்புட்டும் நீ சொன்னதுதானத்தா. நான் ஆமான்னு மட்டும்தான் சொன்னேன்."

"ஏன்மா?"

"ஏழு மாசமா நீ என் மூஞ்சிய மூஞ்சியப் பாத்த. அன்னைக்குத்தான் உன் மொகம் தெளிஞ்சுச்சு. இல்லைன்னு சொன்னா மறுபடியும் விட்டுட்டுப் போயிருவியோன்னு பயம்மா இருந்துச்சு."

அப்படியென்றால் தழும்பைப் பற்றி முதலில் கேட்ட அன்று ஏன் முகத்தைத் திருப்பினாய் என்று கேட்டேன். அந்த ஊஞ்சலில் என்னை வைத்துத் தள்ளிவிட்டது அப்பாவாம். ரத்தத்தைப் பார்த்து அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதாராம். அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றாள்.

மாடிக்காரர் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து என்னிடம் கேட்டார், நான் பார்த்தேன். நான் அதே மாதிரி அம்மாவிடம் கேட்டேன், அவள் ஒத்துக்கொண்டாள். அவரையாவது நாலு பேர் மோசடிக்காரர் என்று சொல்வார்கள். என்னை யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை, நான் டீச்சர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தேன். மன்னிப்பு கேட்டேன். "போடி" என்று அரிவாள்மனையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

அந்த வெள்ளை உருவங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வேற்றுக்கிரகத்தார் வரவே இல்லை என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் மகள் வீட்டில் ஒரு ரூமுக்காக என் அம்மா தான் செய்யாத தப்பை ஒத்துக்கொண்டாள் என்பது நிச்சயமாக நடந்தது, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.