சாயம் என்று தேய்த்த கை

என் கணவர் சேகருக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் சாயப் பிரிவில் வேலை. ஒருநாள் நீலக் கையோடு வருவார், மறுநாள் கறுப்புக் கையோடு. அதனால் முழங்கைக்குக் கீழே திட்டுத் திட்டாக நீலம் தெரிந்தபோது நாங்கள் இருவருமே பதறவில்லை. தேங்காய் நாரில் சோப்பைத் தடவி நானே தேய்த்துவிட்டேன். மறுநாள் திட்டுகள் பெரிதாகியிருந்தன.

முதுகிலும் ஒன்றைப் பார்த்தபோதுதான் நாரைக் கீழே போட்டேன். அங்கே எப்படிச் சாயம் படும்? அன்று காலை ஈறில் வந்த ரத்தமும் நிற்கவில்லை.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த உள்ளூர் மருத்துவர் உடனே வேலூருக்குப் போகச் சொன்னார். வழியில் பள்ளிகொண்டா தாண்டியும் என் கணவர் வாயில் பொத்திய துண்டை எடுக்கவில்லை.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உருவாகும் பகுதி) எடுத்துப் பார்த்தார்கள். லுகேமியா (ரத்தப் புற்றுநோய்).

"எல்லா லுகேமியாவும் ஒண்ணு இல்லம்மா," என்றார் வேலூர் டாக்டரம்மா. மெல்ல வளர்வது நாள்பட்ட வகை, திடீரென்று முற்றுவது தீவிர வகை. எந்த வெள்ளணு கெட்டது என்பதை வைத்து அதற்குள்ளும் பிரிவுகள். இவருக்கு வந்தது ரத்தம் உறைவதையே கெடுக்கும் ஒரு தீவிர வகை.

"குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா முதல் சில வாரம் தாண்டணும். மூளையில ரத்தம் கசிஞ்சிடக் கூடாது."

சிகிச்சை, மாத்திரையும் நரம்பில் ஏற்றும் ஆர்சனிக்கும் (பாஷாணம்).

"வெஷத்தையா ஏத்துறீங்க?" என்று கத்திவிட்டேன்.

படுத்திருந்தவர் சிரித்தார். "இன்னாடி, தோல் கம்பெனியில நான் பாக்காத மருந்தா? ஏத்தட்டும் வுடு."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் தலைவலி என்றால் நர்ஸிடம் ஓடினேன். கண்ணயர்ந்தால் எழுப்பி என் பெயரைக் கேட்டேன். "பேஜார் பண்ணாதடி," என்று எரிந்து விழுவார். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

சில வாரம் கழித்து மறுபடி எடுத்த மஜ்ஜையில் நோய் தெரியவில்லை. முழுக் குணம் என்று இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் காரணமில்லாமல் உடம்பில் ரத்தம் கட்டி நீலமாகக் கன்றினால் சாயம் என்றோ தோல்கட்டு இடித்தது என்றோ விட்டுவிடாதீர்கள். நோய் என்றால், எந்த வகை என்று கேளுங்கள்.

போன வாரம் சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டார். ரேசரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரே ஒரு சொட்டுதான். துடைக்க இருவருக்கும் கை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீயும் வாசனை வந்தது; நான் நகரவில்லை. சொட்டு அங்கேயே கறுத்து உறைந்தது.

"நின்னுடுச்சுடி," என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.