பழைய பாட்டு மாதிரி ஒரு புதுப் பாட்டு

கேசட் கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் பெயர் தெரியாது, மீதிப் பேர் தவறான பெயரைச் சொல்வார்கள். எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் எனக்குப் பதிவு வேலை. கேட்கும் பாட்டுகளை வெற்று கேசட்டில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். பேச்சு அதிகம் வராத எனக்குத் தோதான வேலை. கேசட் முடியும்போது பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் நேரம் கணக்குப் பார்ப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாயால் வாசித்த கிட்டார்

டெங்கிலிலிருந்து ஒரு லோரிக்காரர் வந்தார். "இங்கிலீஷ் பாட்டு அண்ணே, இப்படிப் போகும்" என்று கல்லாவைத் தட்டிக்கொண்டு, "ஜங்... ஜஜங்... ஜங்" என வாயாலேயே கிட்டார் வாசித்தார். கிள்ளானில் லோரியை ரிப்பேருக்கு விட்டபோது பட்டறையில் கேட்டதாம். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கப்பட்டது நான்தான், அவர் இல்லை.

எழுபதுகளில் வந்த முரட்டு ராக் பாட்டாக இருக்கும் என்று பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். "இந்த மாதிரிதான், ஆனா இது இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் காலத்துப் பாட்டு என்றாவது தெரியுமா என்று கேட்டேன்.

"பழைய பாட்டுதான் அண்ணே. ஆனா முன்ன பின்ன கேட்டதே இல்லலா!"

அசல் யாருடையது?

அடுத்த வாரம், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு மோகன் என்ற இளைஞர் சப்பாத்துப் பெட்டி நிறைய கேசட்டோடு வந்தார். அந்தப் பாட்டை நான் தேடுவதாகப் பட்டறைக்குத் திரும்ப வந்த லோரிக்காரர் சொன்னாராம்; அவருக்கு ஒன்றை இனாமாகவே கொடுத்துவிட்டாராம். அட்டையில் 'பெங்கெல்' என்று மட்டும் இருந்தது. மலாயில் பட்டறை என்று பொருள்.

போட்டேன். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. கனத்த கிட்டார், தொண்டை கிழியும் குரல், எல்லாம் என் வாலிபத்தில் வானொலியில் கேட்ட அதே சத்தம். வெள்ளைக்காரர்களின் பழைய இசைத்தட்டைப் பதிந்து புது அட்டை போட்டிருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். "அசல் யாருடையது தம்பி?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பட்டறை ஆட்கள் நாலு பேர், வேலை முடிந்ததும் அங்கேயே வாசித்துப் பதிந்ததாம். எல்லாக் கடையிலும் இதே கேள்விதானாம்.

"இது நாங்கதான்னு தெரிஞ்சு ஒரே ஒரு ஆள் வாங்கட்டும் அண்ணே. இல்லன்னா தீபாவளிக்குள்ள கிட்டார வித்துட்டு ஸ்பானர மட்டும் பிடிச்சுக்கிறேன்."

இடைவெளியில் ஒரு குரல்

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆவலும் அடங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். பாட்டைவிட, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் நான் கவனிப்பேன். இரைச்சல் இருந்தால் அங்கேதான் தெரியும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முடிந்து தாளத்தட்டின் அதிர்வு அடங்கும் நேரம், தூரத்தில் ஒரு குரல்: "டேய், தே தாரிக் வந்திருச்சு! ஆறிப்போவுதுலா, வாங்கடா!"

லண்டனில் எந்த ராக் குழு நம்மூர்த் தே தாரிக் டீயை ஆற்றிக் குடித்தது? மோகன் மறுபடி வந்தபோது போட்டுக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, வெட்டிடுங்க அண்ணே, மானம் போவுது!"

வெற்று கேசட் ஐயா

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அசல் கேசட் ஒன்றுகூட வாங்கியதில்லை. எதுவானாலும் வெற்று கேசட்டைக் கொண்டுவந்து பதிந்து தரச் சொல்வார். தீபாவளிக்கு முந்திய வாரம் அவர் வந்தபோது 'பெங்கெல்' ஓடிக்கொண்டிருந்தது. விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போய் ஒன்றுகூட விற்காத பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக மோகனும் வந்திருந்தார். "உந்தப் பாட்டை என்ர மகன் முந்தி வீட்டில அலற விடுறவன். உதையும் பதிஞ்சு தாரும் தம்பி. லண்டன் ஆக்கள். எங்கட பெடியளுக்கு உந்தக் கை வராது" என்றார் ஐயா. மோகன் பெட்டியை மூடினார்.

வாடிக்கையாளரை நான் மறுத்துப் பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை, மோகன் வெட்டச் சொல்லியும் நான் வெட்டாமல் விட்ட இடைவெளியைத் தேடிப் போட்டேன். ஐயா காதைச் சாய்த்தார். "இன்னொருக்காப் போடும்." போட்டேன். "ஆர் உது கத்துறது?"

"நான்தாங்கய்யா" என்றார் மோகன்.

ஐயா அவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். விரல் நுனியில் கிட்டார் கம்பி அறுத்த காய்ப்பு. எடுத்து நீட்டிய வெற்று கேசட்டை ஐயா மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"லண்டன்காரன் எண்டா பதிஞ்சு தரச் சொல்லலாம். ஆள் முன்னால நிக்கேக்க எப்பிடித் தம்பி களவெடுக்கிறது? ஒண்டு தாரும்."

மோகன் கிட்டாரை விற்கவில்லை, அடுத்த மாதமே 'பெங்கெல்' கேசட்டின் களவுப் பிரதி செலாயாங் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் விலைபோனது. நம் தொழிலில் அதைவிடப் பெரிய விருது யாருக்கும் கிடைத்ததில்லை.