சிறுநீரகச் சூப்

லியாவ் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும்போது அதோடு பேசிக்கொண்டே இருப்பார். "ஏன்டா கண்ணு மொரண்டு பிடிக்கிற? குளிருதா?" என்பார். தைவானின் தைனான் நகரத்துச் சந்து ஒன்றில் அவருடைய பழுதுபார்க்கும் கடை; அவர் கையால் தேநீர் குடிக்காமல் யாரும் அதைத் தாண்டிப் போய்விட முடியாது.

போன ஆண்டு அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதை ஊருக்கெல்லாம் சொல்வார். கேட்டால் சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டுவார். சொல்லாதது ஒன்று உண்டு. உயிரைக் காத்த அறுவை ஆண்மையை எடுத்துக்கொண்டுவிட்டது. "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று டாக்டர் வாய்ப்புக் கொடுத்தபோது, "பீர் குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வந்த வீரர் அவர்.

குளிர் தொடங்கியதும் நண்பர் ஹோங் மூலிகைச் சாராயம் கொண்டுவந்தார். "ஒரு கோப்பை போடுங்கண்ணே, அப்புறம் அண்ணிக்குத் தூக்கமே கெடையாது!" லியாவ்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அதே வாரம் மனைவி மெய்யுன் எள்ளெண்ணெயில் இஞ்சி வதக்கி, பன்றிச் சிறுநீரகச் சூப் வைத்தாள். சிறுநீரகம் ஆண்மைக்கு நல்லது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மறுநாளும் அதே சூப். வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தார் லியாவ். குறட்டையைச் சாக்குச் சொல்லி, வேலைக்கு வெளியூர் போய்விட்ட மகனின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். பாவம், அங்கும் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "எத்தனை தின்னாலும் அது திரும்பி வராது, மெய்யுன். என்னால முடியல."

மெய்யுன் கரண்டியும் கையுமாக நின்றாள். "யோவ், நீ இருமினா கால்சட்டை நனையுது. மூத்திரம் நிக்கட்டுமேன்னு சூப் வச்சேன். இத்தனை நாளா இதையா நெனச்சுக்கிட்டிருந்த?" அவள் கண் கலங்கியது, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "வருத்தமே இல்லன்னு சொன்னா பொய். ரெண்டு பேருமாப் போய் டாக்டரக் கேப்போம். ஆனா நீ பக்கத்துலகூட வரமாட்டேங்கிறியே, அதுதான்யா தாங்கல. நோவு வந்தது உனக்கு, தனியாப் படுக்கிறது நானா?"

லியாவ் சூப்பைக் குடித்து முடித்தார். உப்புக் கூடுதல் என்று சொல்லும் துணிவு அன்று அவருக்கு இல்லை.

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். மெய்யுன் ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வாள்; மூத்திரக் கசிவுக்காகக் கால்சட்டைக்குள் வைத்திருக்கும் பஞ்சுப் பட்டை அவள் கையில் தட்டுப்படக் கூடாதென்று அறுவைக்குப் பின் லியாவ் செய்துவைத்த ஏற்பாடு அது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. சுற்றிலும் ஊர்ப்பட்ட ஸ்கூட்டர்கள். லியாவ் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, முன்னால் இழுத்துத் தன் அடிவயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.