தலைகீழ்ச் சீட்டு

மருந்துச் சீட்டை வாங்கியதும் மேசைமேல் தலைகீழாக வைக்கிறார் அக்கா. பிறகு மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு, இவருக்குப் படிக்கத் தெரியுமா என்றே சந்தேகம் வரும். இந்த மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவர்.

காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருக்கும் டாக்டர் யாருக்கும் ஐந்து மருந்துக்குக் குறைத்து எழுதுவதில்லை. முதலில் டானிக். அவர் பேனாவிலேயே அந்த டானிக் பெயர்தான் அச்சடித்திருக்கும். கம்பெனிக்காரர் கொடுத்த பேனா. அப்புறம் சத்து மாத்திரைகள், கேஸ் மாத்திரை. வந்த நோய்க்கான மாத்திரை கடைசியில், இடம் போதாமல் ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். ஒரு டானிக்கின் விலைக்கு அந்த மாத்திரை இரண்டு மாதத்துக்கு வரும்.

கையில் இருக்கும் காசு பாதிக்குத்தான் போதும் என்கிறவர்கள் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "மேல இருக்கிற ரெண்டை மட்டும் குடுங்கக்கா. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்." டாக்டர் முதலில் எழுதியதுதான் முக்கியம் என்று நினைப்பு. அப்படி நினைப்பதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது.

அக்காவும் வெகுகாலம் கேட்டபடி வெட்டிக் கொடுத்தவர்தான். தேதி போட்ட பக்கம் மிஞ்சும்படி மாத்திரை அட்டையை வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிர்வரிசைத் தையல்காரருக்கு நான்கு மாதம் அப்படித்தான் வெட்டினார். பிரஷர் மாத்திரை மட்டும் சீட்டிலேயே தங்கிவிட்டது. ஐந்தாம் மாதம் தையல்காரரின் மனைவி வந்தார். தையல்காரருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

"இந்தக் கையாலதான் வெட்டிக் குடுத்தேன். கடைசி வரியைப் படிச்சுட்டேதான் குடுத்தேன்," என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். அதிலிருந்துதான் இந்தத் தலைகீழ் வைத்தியம். "டானிக் குடிச்சா பாட்டில்தான் காலியாகும், கொதிப்பு அங்கேயே குந்தியிருக்கும். இதை வாங்கிட்டுப் போங்க," என்பார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

டானிக் அடுக்கில் தூசி படிந்தது. டாக்டர் காதுக்கு அது எட்டாமல் இருக்குமா? கடை முதலாளி, அக்காவின் கணவருக்கு அண்ணன். தம்பி இறந்ததும் இந்த வேலையைக் கொடுத்தவர். அக்கா குடியிருக்கும் மாடியறையும் அவருடையதுதான். "டாக்டர் நோயாளிங்களை வேற கடைக்கு அனுப்பிட்டா நம்ம ஷட்டரை இறக்க வேண்டியதுதான்மா. அவர் எழுதின வரிசையிலயே குடு. முடியலைன்னா இப்பவே சொல்லிடு," என்றாராம். திங்கட்கிழமையிலிருந்து மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்று எனக்கு முன்னால் நின்றவர் பஸ் டிரைவர். கழுத்துப் பட்டன் திறந்த சீருடை, வேர்த்த முகம். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சீட்டை அவரே திருப்பித் தலைகீழாக வைத்தார்.

"இங்க இப்படித்தான் வாங்கணுமாமே. இந்தக் காசுக்கு எவ்வளவு வருதோ, இந்தப் பக்கத்திலேருந்து குடுங்கக்கா."

கடைசி வரியில் பிரஷர் மாத்திரை இருந்தது. பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. முதலாளி பேப்பரை மடித்து மடியில் வைத்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் அதே டாக்டர்தான். வெட்கமாக இருக்கிறது, திறக்கவில்லை.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் சீட்டை மெல்லச் சுற்றி நேராக்கினார். பிறகு டானிக் பாட்டில் ஒன்றை எடுத்து, முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார்.